பட்டா யார் பெயரில் இருந்தது? கடற்கரைச் சாலையில் ஒரு வரலாற்று நடை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் தொடங்கும் வரலாற்று நடைகளுள், அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்களுக்காக ஆப்பிரிக்காவிலும் கனடாவிலும் உருவான ஊர்களைப் பற்றிய நடைக்கு, தலைக்கு 400 ரூபாய் கட்டி, பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளுடன் சென்றிருந்தேன். பழைய கலங்கரை விளக்கத்தருகே புறப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் முடிகிறது.

ஆப்பிரிக்க ஊர்களைப் பற்றி அறிய நம் கடற்கரை எதற்கு என்ற ஐயம் எனக்கு இருந்தது. புதுச்சேரியை ஆண்ட அதே பிரெஞ்சு அரசின் கடற்படை, 1846இல் எலிசியா என்ற அடிமைக் கப்பலைப் பிடித்ததையும், அதிலிருந்து மீட்கப்பட்டவர்களில் 52 பேரை 1849இல் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள கபோன் கரையில் குடியமர்த்தி, அவ்வூருக்கு 'சுதந்திர நகரம்' என்ற பொருளில் லிப்ரவில் எனப் பெயரிட்டதையும் வழிகாட்டி சொன்னபோது அந்த ஐயம் நீங்கியது.

"பட்டா யார் பேர்ல இருந்துச்சுங்க ஐயா?" என்று என் மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்காக அவர் தம் திட்டத்தையே மாற்றிக்கொண்டு அரை மணி நேரம் பேசியதுதான் இந்த நடையின் சிறந்த பகுதி. 1792இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து 15 கப்பல்களில் ஏறத்தாழ 1,200 கறுப்பினத்தவர் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்கு வந்து ஃப்ரீடவுனை நிறுவினார்கள். வரியில்லா நிலம் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களிடம் நிர்வாகக் கம்பெனி நிலவரி கேட்டதால் மூண்ட கசப்பு, 1800இல் கிளர்ச்சியாக வெடித்து ஒடுக்கப்பட்டது. கனடாவின் பக்ஸ்டன் குடியிருப்பிலோ, 1849 முதல் ஒவ்வொரு குடும்பமும் 50 ஏக்கரை, ஏக்கர் இரண்டரை டாலர் வீதம், பத்தாண்டுத் தவணையில் தன் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்தது. அங்கிருந்த பள்ளியின் தரத்தைக் கண்டு வெள்ளையர்களும் தம் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்பதைக் கேட்டபோது, காணி நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த நம் ஊர்க் குடும்பங்கள் என் நினைவுக்கு வந்தன.

கென்யாவின் மொம்பாசா அருகே 1875இல் எழுந்த ஃப்ரியர் டவுனில், அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு நம் நாட்டின் நாசிக்கில் படித்து வளர்ந்த ஆப்பிரிக்கர்களும் குடியேறினார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. அடிமை பிடிப்போர் வந்தால் எச்சரிக்க அங்கே ஒரு மணி இருந்தது; அந்த இடத்தை இன்றும், 'மணி இருக்கும் இடம்' என்ற பொருளில், கெங்கெலேனி என்றே அழைக்கிறார்கள்.

என் மனக்குறை ஒன்று உண்டு. இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ரீயூனியன் தீவில் 1848 டிசம்பர் 20 அன்று ஏறத்தாழ 62,000 பேர் விடுதலை பெற்ற பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம் மக்களைப் பெருந்தொகையாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அந்தத் துறைமுகக் கரையிலேயே நின்றுகொண்டு இதை ஐந்து நிமிடத்தில் முடித்தது வருத்தமளித்தது. கையில் தந்த குறிப்புத் தாளும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே இருந்தது. கப்பலேறிப் போனவர்களின் மொழியிலும் அதை அச்சிட வேண்டும் என்று கருத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தேன்.