‘பாபிலோன் 5’ ப்ளூ-ரே முழுத் தொகுப்பு: முடிவுக்காகவே பார்க்க வேண்டிய தொடர்

பழைய அறிவியல் புனைகதைத் தொடர்களின் ரசிகர்கள் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்தத் தொடர்கள் எப்படி முடிந்தன என்பதில் வந்துதான் நிற்கும். 1969-இல் நிறுத்தப்பட்ட முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடருக்கு முடிவு என்று ஒன்றே கிடையாது. ஏதோ ஒரு வாரத்துக் கதையோடு அது நின்றுபோனது. பிபிசியின் ‘பிளேக்ஸ் 7’, 1981-இல் கிறிஸ்துமசுக்கு நான்கு நாள் முன்னதாக, முக்கியப் பாத்திரங்கள் ஒவ்வொருவராகச் சுடப்பட்டு விழும் காட்சியோடு முடிந்து, பிரிட்டனில் அதைப் பார்த்த பிள்ளைகளின் பண்டிகையைக் கெடுத்தது. 1993-இல் முடிந்த ‘குவாண்டம் லீப்’, நாயகன் வீடு திரும்பவே இல்லை என்பதைத் திரையில் ஒரே வரியில் எழுதிக் காட்டிவிட்டு விடைபெற்றது. அந்த ஒரு வரியிலும் அவனுடைய பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள் என்பதை ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்த வரிசையில், ஒரு விண்வெளி நிலையத்தைக் களமாகக் கொண்ட ‘பாபிலோன் 5’ தனித்து நிற்கிறது. அதன் முடிவைப் பற்றிய குறை அரிதாகவே காதில் விழுகிறது. குறையெல்லாம் தொடக்கத்தைப் பற்றியதும், ஐந்தாம் சீசனின் முற்பகுதியைப் பற்றியதும், படத்தின் தரத்தைப் பற்றியதும்தான். இவற்றுள் கடைசிக் குறையைத் தீர்க்கும் முயற்சியாக 2023 டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ப்ளூ-ரே முழுத் தொகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. கதையின் முடிவைப் பற்றி வெளிப்படையாகப் பேசப்போகிறேன் என்பதால், தொடரை இனிமேல்தான் பார்க்க இருப்பவர்கள் படத்தின் தரத்தைப் பற்றிய பகுதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தொகுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட தட்டுகள் இருக்கின்றன. ஐந்து சீசன்களின் 110 அத்தியாயங்களும், 1993 பிப்ரவரியில் ஒளிபரப்பான முன்னோட்டப் படமும் அவற்றில் அடக்கம். 110 அத்தியாயங்களில் 92-ஐத் தொடரின் படைப்பாளர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி தாமே எழுதினார். மூன்றாம், நான்காம் சீசன்களில் வேறொருவர் எழுதிய அத்தியாயம் ஒன்றுகூட இல்லை. எழுத்தாளர் அறையில் பலர் கூடிக் கதை பின்னுவதே வழக்கமாக இருந்த அமெரிக்கத் தொலைக்காட்சியில், ஐந்தாண்டுக் கதையை நாவலைப் போலத் தொடக்கம், நடு, முடிவு என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு ஒருவர் எழுதியது அன்று பெரும் துணிச்சல்.

படத்தின் தரத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னணி வேண்டும். தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் 4:3 (நான்கு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம்) அளவில்தான் இருந்தன. வருங்காலத்தில் அகலத்திரை வரும் என்று எதிர்பார்த்த தயாரிப்பாளர்கள், நடிகர்கள் தோன்றும் காட்சிகளை அகலமாகவும் பயன்படுத்திக்கொள்ளத்தக்க முறையில் படச்சுருளில் எடுத்தார்கள். ஆனால் விண்கலங்களும் போர்களும் நிறைந்த கணினி வரைகலைக் காட்சிகளோ, அமிகா கணினிகளிலும் அவற்றுக்குப் பின் வந்தவற்றிலும், அன்றைய தொலைக்காட்சிக்குப் போதுமான சிறிய அளவில், 4:3-இலேயே உருவாக்கப்பட்டன. சிறிய பொம்மைக் கலங்களைச் செய்து படமெடுப்பதே நடைமுறையாக இருந்த காலத்தில், ஒரு வாராந்தரத் தொடர் தன் விண்வெளி முழுவதையும் கணினியிலேயே வரைந்தது பெரிய சாதனை. முன்னோட்டப் படத்தின் வரைகலைக்கு எம்மி விருதும் கிடைத்தது. அந்தச் சாதனையே பின்னால் தலைவலியாகவும் ஆயிற்று.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த டிவிடி தொகுப்புகளில் படம் அகலத்திரையாக மாற்றப்பட்டது. நடிகர்கள் மட்டும் தோன்றும் காட்சிகளுக்கு அதனால் கேடில்லை. வரைகலைக் காட்சிகளை மட்டும் மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்க வேண்டியிருந்ததால், ஏற்கெனவே சிறியதாக இருந்த படம் மேலும் மங்கிப்போனது. நடிகரையும் வரைகலையையும் ஒரே சட்டத்தில் இணைத்த இடங்கள்தான் மிக மோசம்: பேசிக்கொண்டிருக்கும் ஒருவர், பின்னணியில் ஒரு கலம் தோன்றவேண்டிய அந்தக் கணத்தில், திடீரென்று பனிமூட்டத்துக்குள் போய்விடுவார். இப்படிப் பார்த்துப் பழகிய என்னைப் போன்றவர்கள், தொடரே அப்படித்தான் எடுக்கப்பட்டது என்று பல காலம் நினைத்திருந்தோம்.

புதிய தொகுப்பு 4:3-க்கே திரும்பியிருக்கிறது. படச்சுருள் மீண்டும் வருடப்பட்டு (ஸ்கேன் செய்யப்பட்டு), வண்ணம் சீராக்கப்பட்டு, வரைகலைக் காட்சிகள் கணினி மூலம் நவீனத் திரைக்கு ஏற்றவாறு பெரிதாக்கப்பட்டிருக்கின்றன. இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிவதை விரும்பாத ரசிகர்கள் உண்டு. அகலமாகவே எடுக்கப்பட்டதை ஏன் குறுக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தாலும், வெட்டப்பட்டு மங்கிய போர்க்களத்தைவிட முழுமையான போர்க்களமே மேல் என்பது என் கருத்து. வரைகலையைப் புதிதாகச் செய்யாமல் பழையதையே வைத்துக்கொண்டதும் சரியான முடிவுதான். சென்டாரி என்ற வேற்றுக்கிரக இனத்தின் கலங்களுடைய ஊதா நிறமும், கறுப்புச் சிலந்திகளைப் போன்ற, ஷேடோ என்ற இனத்தின் கலங்களுடைய அசைவும் அந்தக் காலத்துக்கே உரியவை. அவற்றைப் பளபளப்பாக்கினால் அது வேறொரு தொடராகிவிடும்.

மேம்பாடு எங்கே தெரிகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை ஒரே காட்சியில் காணலாம். இரண்டாம் சீசனின் இறுதிப் பகுதியில், சென்டாரித் தூதர் லோண்டோ கப்பலின் சாளரத்தருகே நின்றுகொண்டு, தம் மக்கள் நார்ன் கிரகத்தின் மீது விண்கற்களை எறிந்து நகரங்களைத் தரைமட்டமாக்குவதைப் பார்க்கிறார். அந்த அழிவுக்கு வித்திட்டவர் அவரே. படச்சுருளிலிருந்து வந்த அண்மைக் காட்சிகளில், விசிறி போல் நிமிர்ந்த அவருடைய தலைமுடியின் இழைகளும், அங்கியின் பித்தளைப் பொத்தான்களும், கண்ணோரத்துச் சுருக்கங்களும் டிவிடியில் ஒருபோதும் இல்லாத துல்லியத்தோடு தெரிகின்றன. சாளரமும் அதற்கப்பால் எரியும் கிரகமும் ஒரே சட்டத்துக்குள் வந்தவுடன் படம் மென்மையாகிவிடுகிறது. ஆனால் அந்த மாற்றம் இப்போது கண்ணை உறுத்துவதில்லை. பீட்டர் ஜுராசிக் ஒரு சொல்லும் பேசாமல் முகத்தாலேயே நடத்திக்காட்டும் அந்த நடிப்பு, இந்தத் தொகுப்பின் விலையில் பாதிக்காவது ஈடாகும்.

முதல் சீசன் மெதுவாக நகர்கிறது. பாத்திரங்களின் பேச்சில் ஒரு விறைப்பு இருக்கிறது. அதன் நாயகன் சின்கிளேராக நடித்த மைக்கேல் ஓ’ஹேர், கடுமையான மனநோயோடு போராடிக்கொண்டே அந்த ஓராண்டையும் நடித்து முடித்தார் என்பதை, அவர் 2012-இல் இறந்த பிறகுதான் ஸ்ட்ராசின்ஸ்கி வெளியிட்டார். அதுவரை அவருடைய நடிப்பை மரக்கட்டை என்று கேலி செய்துவந்த ரசிகர்கள் பலர் அதற்குப் பிறகு அந்த அத்தியாயங்களை வேறு கண்ணோடு பார்க்கிறார்கள். இரண்டாம் சீசனிலிருந்து புரூஸ் பாக்ஸ்லைட்னர் புதிய நாயகன் ஷெரிடனாக வந்த பிறகு கதை வேகம் பிடிக்கிறது.

இனி முடிவுக்கு வருவோம். ஐந்து சீசன்களுக்கு என்று வகுத்த கதை, நான்காம் சீசன் நடந்துகொண்டிருந்தபோது, அதை ஒளிபரப்பிய வலையமைப்பே கலையும் நிலைக்கு வந்ததால் அந்தரத்தில் தொங்கியது. ஐந்தாம் ஆண்டு கிடைக்காது என்று அஞ்சிய ஸ்ட்ராசின்ஸ்கி, முக்கியக் கதை இழைகளை நான்காம் ஆண்டிலேயே முடித்து, ‘ஸ்லீப்பிங் இன் லைட்’ என்ற இறுதி அத்தியாயத்தையும் தாமே இயக்கி எடுத்து முடித்துவிட்டார். அதன் பிறகு டிஎன்டி அலைவரிசை ஐந்தாம் சீசனுக்கு முன்வந்தது. எடுத்து வைத்த முடிவை அப்படியே எடுத்துப் பூட்டிவிட்டு, நான்காம் சீசனை முடித்துவைக்க அவசரமாக வேறோர் அத்தியாயத்தை எழுதினார்கள். பூட்டி வைத்தது 1998 நவம்பர் 25 அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

இந்தக் குளறுபடியின் தடயங்களைத் தொகுப்பைத் தொடர்ச்சியாகப் பார்க்கும்போது எளிதில் கண்டுகொள்ளலாம். ஐந்தாம் சீசனுக்கு முன்பே விலகிவிட்ட கிளாடியா கிறிஸ்டியன், இறுதி அத்தியாயத்தில் இவனோவாவாக நடுநாயகமாக வருகிறார். ஐந்தாம் ஆண்டு முழுவதும் நிலையத்தின் தலைவியாக இருந்த லாக்லியோ அதில் தலைகாட்டுவதே இல்லை. கதை இருபது ஆண்டுகள் தாண்டிப் போய்விடுவதால் இது பெரிய குறையாகத் தோன்றுவதில்லை. சொல்லப்போனால், நெடுங்காலம் கழித்துப் பழைய நண்பர்கள் கூடும் இடத்தில், இடையில் வந்து போனவர்கள் சிலர் இல்லாமல் இருப்பது இயல்புதான்.

இறக்கும் தறுவாயில் இருந்த ஷெரிடனுக்கு இருபது ஆண்டு ஆயுள் மட்டுமே கடனாகக் கிடைத்தது என்பது நான்காம் சீசனிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. இறுதி அத்தியாயம் அந்தத் தவணை தீரும் 2281-ஆம் ஆண்டில் நடக்கிறது. போர் இல்லை, எதிரி இல்லை, திருப்பமும் இல்லை. ஷெரிடன் பழைய நண்பர்களை விருந்துக்கு அழைக்கிறார். மனைவி டெலெனிடம் விடைபெறுகிறார். தனியாகக் கலமேறி, மூடப்படவிருக்கும் பாபிலோன் 5 நிலையத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, முன்பு பெரும் போர் முடிவுக்கு வந்த இடத்துக்குப் போகிறார். பிறகு நிலையமே வெடித்துத் தகர்க்கப்படுகிறது. புறப்படும் முன் விளக்கை அணைத்துவிட்டுப் போகும் ஊழியராக ஸ்ட்ராசின்ஸ்கியே தோன்றுகிறார். வேறொரு படைப்பாளர் செய்திருந்தால் இது தற்பெருமையாகப் பட்டிருக்கும். இந்தத் தொடரை ஐந்தாண்டும் தோளில் சுமந்தவர் செய்யும்போது யாருக்கும் மறுப்பிருக்காது.

அந்த விருந்துக் காட்சியைத் தொண்ணூறுகளில் பார்த்ததற்கும் இன்று பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. மேசையைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து, இறந்துபோன தோழர்களின் பெயர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக் கோப்பையை உயர்த்துகிறார்கள்: மார்கஸ், லெனியர், ஜிகார், லோண்டோ. மேசையில் இருக்கும் அந்த ஆறு பேரில், ஃபிராங்க்ளினாக நடித்த ரிச்சர்ட் பிக்ஸ் 2004-லும், காரிபால்டியாக நடித்த ஜெரி டாயில் 2016-லும், விர் ஆக நடித்த ஸ்டீபன் ஃபர்ஸ்ட் 2017-லும் காலமானார்கள். டெலெனாக நடித்த மீரா ஃபுர்லான், இந்தப் புதுப்பிக்கப்பட்ட வடிவம் இணையத்தில் முதலில் வெளியாவதற்குச் சில நாள்கள் முன்பு, 2021 ஜனவரியில் மறைந்தார். படத்தின் துல்லியம் கூடக்கூட இந்தக் காட்சியைப் பார்ப்பது கடினமாகிறது. முதுமை ஒப்பனைக்குள்ளிருந்து இளமையான கண்கள் தெரிகின்றன. அந்த முதுமையை நால்வரும் எட்டவே இல்லை என்பது நமக்கு மட்டும் தெரிகிறது.

ஐந்தாம் சீசனின் முற்பகுதியைப் பற்றிய புகார் நியாயமானதே. சொல்லவேண்டியதை நான்காம் ஆண்டிலேயே சொல்லி முடித்துவிட்டதால், பிறர் மனத்தைப் படிக்கவல்ல மனத்தொடர்பாளர்களின் குடியேற்றம் என்ற ஒரு கிளைக்கதையை இழுத்து இழுத்து நீட்டியிருக்கிறார்கள். அந்த ஆண்டுக்கான குறிப்புகளை இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் ஒரு விடுதியின் துப்புரவுப் பணியாளர் குப்பை என்று எண்ணி எறிந்துவிட்டதாக ஸ்ட்ராசின்ஸ்கி சொல்லியிருக்கிறார். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். சீசனின் பிற்பகுதியில் லோண்டோ அரியணை ஏறும் அத்தியாயங்கள் வந்தவுடன் இந்தச் சலிப்பு மறந்துபோகும்.

தொகுப்பின் பெரிய குறை, பழைய டிவிடிகளில் இருந்த படைப்பாளரின் விளக்க உரைகளோ படப்பிடிப்பைப் பற்றிய ஆவணங்களோ இதில் இல்லாததுதான். இவ்வளவு செலவிட்டுப் படத்தைத் துலக்கியவர்கள், ஏற்கெனவே கையில் இருந்ததைச் சேர்க்காமல் விட்டதற்கு நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் டிவிடி வைத்திருப்பவர்கள் அவற்றை விற்றுவிடாமல் வைத்துக்கொள்வது நல்லது. தொடரை ஒட்டி வந்த மற்றத் தொலைக்காட்சிப் படங்களும், ‘குருசேட்’ என்ற கிளைத்தொடரும் இதில் கிடையா. இந்தியாவிலிருந்து வாங்குபவர்கள் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருப்பதால், சுங்கவரியையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும்.

அந்தப் படங்களில் ‘இன் தி பிகினிங்’ மட்டும் தனியாகத் தேடிப் பார்க்கத்தக்கது. பூமிக்கும் மின்பாரிகள் என்ற வேற்றுக்கிரக இனத்துக்கும் நடந்த போரை முதிய லோண்டோ சிறுவர்களுக்குச் சொல்வதாக அது அமைந்திருக்கிறது. காலவரிசைப்படி அதுவே முதலில் வருகிறது என்று எண்ணிப் புதியவர்களுக்கு அதைத் தொடக்கமாகப் பரிந்துரைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால், வெற்றியின் விளிம்பில் இருந்த மின்பாரிகள் ஏன் சரணடைந்தார்கள் என்ற, முதல் சீசன் முழுவதையும் தாங்கி நிற்கும் புதிர் ஒன்றரை மணி நேரத்தில் உடைந்துவிடும். நான்காம் சீசனை முடித்த பிறகு, ஐந்தாவதைத் தொடங்கும் முன் அதைப் பார்ப்பதே முறை. 1998 ஜனவரியில் டிஎன்டி ஒளிபரப்பியதும் அந்த வரிசையில்தான்.