ஜிம் க்ரோச்சியின் ‘டைம் இன் எ பாட்டில்’: அஞ்சலிப் பாட்டு அல்ல

அஞ்சலி வீடியோக்களில் இந்தப் பாட்டை ஓடவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டு நல்ல பாட்டு, ஆனால் அது பிறந்த இடம் வேறு. 1970 கடைசியில், தான் கருவுற்றிருப்பதாக மனைவி இங்க்ரிட் சொன்ன பிறகு அமெரிக்கப் பாடகர் ஜிம் க்ரோச்சி எழுதியது இது. பென்சில்வேனியாவில் ஒரு பழைய பண்ணை வீட்டில் குடியிருந்துகொண்டு, லாரி ஓட்டியும் கட்டட வேலைக்குப் போயும் குடும்பத்தை நடத்திய காலம். அப்பாவாகப் போகிறோம் என்ற சந்தோஷமும், இவர்களோடு இருக்க நேரம் போதுமா என்ற பயமும் ஒன்றாக வந்தவரின் பாட்டு.

அந்தப் பயம் கிதாரிலேயே இருக்கிறது. சோகச் சாயல் கொண்ட டி மைனரில் தொடங்கி, அடியில் ஒலிக்கும் கனத்த ஸ்வரம் டி, சி ஷார்ப், சி, பி என்று அரைப்படி அரைப்படியாக இறங்குகிறது. மூன்று தட்டுத் தாளம். மேலே விரல்கள் நிற்காமல் மீட்டிக்கொண்டே இருக்க, அடியில் ஏதோ நழுவிப் போய்க்கொண்டே இருக்கிறது. பல்லவிக்கு வரும்போது வெளிச்சமான டி மேஜருக்கு மாறும் பாருங்கள், அங்கே எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். என் மகளுக்கு நான்கு வயது. ஆங்கில வரிகள் அவளுக்குப் புரியாது. இரவுப் பணிக்குக் கிளம்பும் முன் நான் கிதாரில் இதை வாசித்தால், சரியாக அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள்.

இரண்டாவது கிதார் மோரி மியூலைசனுடையது. க்ரோச்சி பாடி நிறுத்தும் இடங்களில் அவர் சின்னச் சின்னப் பதில்கள் சொல்கிறார். ஹெட்போனில் கேட்டால் இரண்டு கிதார்களும் பேசிக்கொள்வது தெரியும். தயாரிப்பாளர் டாமி வெஸ்ட் சேர்த்த ஹார்ப்சிகார்டும் (பியானோவுக்கு முந்தைய பழைய கட்டை வாத்தியம்) பின்னால் மெல்லிசாக ஒலிக்கிறது. டிரம்ஸ் கிடையாது. இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

ஒரே குறை, கடைசிப் பகுதியில் வரும் பெட்டி. காலத்தைப் பாட்டிலில் அடைத்து வைக்கும் ஆசையை அவ்வளவு அழகாகச் சொன்னவர், கனவுகளுக்கு ஒரு பெட்டி என்று அதையே இன்னொருமுறை சொல்கிறார். அங்கே கொஞ்சம் வலு குறைகிறது. மொத்தமே இரண்டரை நிமிடம் என்பதால் பெரிதாகத் தெரிவதில்லை.

1972இல் ‘யூ டோன்ட் மெஸ் அரவுண்ட் வித் ஜிம்’ ஆல்பத்தில் வந்தது. தனிப்பாடலாக வெளியிடும் எண்ணமே அப்போது இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் ஒலித்ததும் பலர் கேட்கத் தொடங்கினார்கள். அதே மாதம் 20ஆம் தேதி, லூசியானாவில் கச்சேரி முடித்துக் கிளம்பிய சிறு விமானம் விழுந்து க்ரோச்சியும் மியூலைசனும் இறந்தார்கள். க்ரோச்சிக்கு 30 வயது. மகன் ஏட்ரியனின் இரண்டாவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருந்தது. ஊர் ஊராகப் போவதை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கப்போவதாக அவர் மனைவிக்கு எழுதிய கடிதம், இறந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. டிசம்பர் கடைசியில் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அஞ்சலிப் பாட்டு என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. முதல்முறை கேட்பவர்கள் தயவுசெய்து இந்தக் கதையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

தொகுப்புகளைவிட முழு ஆல்பமாகக் கேட்பது நல்லது. சண்டைக்காரர்களைப் பற்றிய துள்ளலான பாட்டுகளுக்கு நடுவே இது வரும்போதுதான் அந்த மனிதர் முழுசாகத் தெரிகிறார். கிதார் கற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் கட்டைவிரலால் இறங்கும் அந்த ஸ்வரங்களை மட்டும் தனியாகப் பழகுங்கள், அப்புறம் மற்ற விரல்களைச் சேர்க்கலாம். வேகம் வேண்டாம்.