புது பெயின்ட் அடித்த பழைய அவுட்போர்டு மோட்டார் வாங்கப் போகிறீர்களா?

படகின் பின்பக்கம் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரை வாங்கி வீட்டிலேயே பிரித்து வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "முழுசா ஓவர்ஹால் பண்ணினது, அப்படியே படகுல மாட்டிக்கலாம்" என்று சொல்லி எனக்கு விற்றார்கள். புதுசாக இருந்தது பெயின்ட் மட்டும்தான்.

விற்றவர் விவரமான ஆள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துக் காட்டினார். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கியர்கேஸ், அதாவது ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் கியர்கள் உள்ள கீழ்ப் பெட்டியின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஆயிலைக் காட்டினார், சுத்தமாக இருந்தது. பிறகு தண்ணீர் டிரம்மில் வைத்து இழுத்தார். ஒரே இழுப்பில் ஸ்டார்ட். இதற்கு மேல் ஒருவர் என்னதான் காட்ட முடியும் என்று தோன்றும். அதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார்.

வீட்டில் டிரம்மில் வைத்துக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டியதுமே சிலிண்டரை மூடும் ஹெட் கொதித்தது, இன்ஜின் திணறியது. நிறுத்தி, இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் கியர்கேஸின் கீழ் ஸ்க்ரூவை எடுத்தேன். முதலில் இறங்கியது தண்ணீர், அப்புறம்தான் ஆயில். சீல் போய்த் தண்ணீர் புகுந்த கியர்கேஸில் ஆயில் பால் நிறத்துக்கு மாறிவிடும். ஆனால் ஆள் வருவதற்கு முன் புது ஆயில் ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஹெட்டைக் கழற்றினால் மேல் சிலிண்டரில் நெடுகக் கீறல், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதன் பள்ளத்திலேயே இறுகிக் கிடக்கிறது. அப்படியானால் கேஜ் எப்படி ஏறியது? பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டால் போதும். ரிங்குக்கும் சிலிண்டருக்கும் இடையே அது அடைத்துக்கொண்டு முள்ளைத் தூக்கிவிடும். ஸ்டார்ட் ஆனதும் எரிந்துபோகும். டூ ஸ்ட்ரோக் புகைவது சகஜம்தானே, அந்தப் புகையை யார் சந்தேகப்படுவார்கள்?

சூட்டுக்குக் காரணம் கீழே இருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரைத் தூக்கும் வாட்டர் பம்பில், சுழலும் சக்கரமான இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் பாதியைக் காணோம். உடைந்த துண்டுகள் தண்ணீர் ஏறும் வழியில் சிக்கியிருந்தன. ஓட்டிக் காட்டும்போது பின்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சியதே என்று கேட்கலாம். பீய்ச்சியது. பம்ப் கொஞ்சமாவது தூக்குகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. ஹெட் முழுவதும் குளிர்கிறதா என்பதை அது சொல்லாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நம்பர் பிளேட் விஷயத்தில்தான் எனக்கு ஆத்திரம். ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் 1980 முதல் மாடல் எண்ணிலேயே தயாரித்த ஆண்டு இரண்டு எழுத்துகளாக ஒளிந்திருக்கும்; 'இஆர்' என்றால் 1994. என் மோட்டாரைப் படகில் பிடித்துக்கொள்ளும் பிராக்கெட்டில் இருந்த பிளேட்டில் அதுதான் இருந்தது. ஆனால் இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் வட்டத் தகட்டில் வேறு சீரியல் நம்பர். அதாவது ஒரு மோட்டாரின் பிராக்கெட்டில் இன்னொன்றின் பழைய இன்ஜின். பிளேட்டை நம்பி வாங்கிய கேஸ்கெட் செட் பொருந்தவே இல்லை. இரண்டு பிராண்டும் இப்போது தயாரிப்பில் இல்லை, எவின்ரூட் 2020-இல் நின்றது. சரியான நம்பர் இல்லாமல் உதிரிபாகம் தேடுவது எவ்வளவு பாடு என்று பழைய மோட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

போன் செய்தேன். "ஓட்டிக் காட்டித்தானே சார் கொடுத்தேன்" என்றார். அடுத்த முறை எடுக்கவில்லை.

எனவே, நீங்கள் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளக் துளை வழியாகச் சின்ன கேமராவை விட்டு சிலிண்டர் சுவரைப் பாருங்கள், கேஜைவிட அது நம்பகமானது. பத்து நிமிடமாவது ஓட்டச் சொல்லி, ஆறவிட்டு, கியர் ஆயிலைப் பிறகு திறக்கச் சொல்லுங்கள். பிளேட் நம்பரும் பிளாக் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஓவர்ஹால் செய்தேன் என்பவரிடம் கழற்றிய பழைய ரிங்கையும் இம்பெல்லரையும் கேளுங்கள். உண்மையில் வேலை பார்த்தவர் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுவார்.

என் மோட்டாரில் சீல்களை மாற்றினால் கியர்கேஸ் தேறிவிடும். பிளாக்கை போரிங் செய்ய, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்த, லேத்தில் கொடுத்திருக்கிறேன்; ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைத்தால்தான் அதற்கு உயிர்.