உரைக்குள் சான்று காட்டும் முறை: பன்னிரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டு, உரையின் நடுவிலேயே சான்று காட்டும் முறையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முதலில் மாணவராக, பின்னர் மாணவர் கட்டுரைகளைத் திருத்துபவராக. கருத்துத் திருட்டிலிருந்து ஒரு கட்டுரையைக் காக்க இந்த முறை எவ்வளவு தூரம் துணை வருகிறது, எந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பதை இத்தனை நாள் பழக்கத்திலிருந்து பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஒரு தலைகுனிவின் வழியாகத்தான் நான் இந்த முறைக்கு வந்தேன். முதலாமாண்டில் மறதியைப் பற்றி எழுதிய கட்டுரையின் இறுதியில் பதினொரு நூல்கள் கொண்ட துணைநூற்பட்டியலை அகர வரிசை பிசகாமல் தந்திருந்தேன். உரைக்குள் ஓரிடத்தில்கூட எவர் பெயரும் இல்லை. கட்டுரையைத் திருப்பித் தந்த ஆசிரியர் மூன்றாம் பக்கத்தைத் திறந்து, ஒரு பத்தியின் மேல் விரலை வைத்து, "இதில் உங்கள் வாக்கியம் எது, காட்டுங்கள்" என்றார். ஏழு வாக்கியங்கள். என்னால் காட்ட முடியவில்லை. எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் எது எங்கிருந்து வந்தது என்பது எழுதிய எனக்கே தெரியாமல் போயிருந்தது. எவற்றைப் படித்தேன் என்று துணைநூற்பட்டியல் சொல்லுமே தவிர, எந்த வாக்கியத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்லாது என்பது அந்த மேசையருகே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

பெயரும் ஆண்டும் தரும் வழக்கத்தை ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வரை பின்னோக்கித் தேடிச் செல்வார்கள். இன்று சமூக அறிவியல் துறைகளில் பெரிதும் வழங்கும் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) பாணி இதன் வழியில் வந்ததே. அதன் ஏழாம் பதிப்பு 2019 அக்டோபரில் வெளிவந்தது. இலக்கியத் துறையினர் கையாளும் எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கம்) பாணி ஆண்டுக்குப் பதிலாகப் பக்க எண்ணைத் தரும். பொறியியல் துறையினரின் ஐ.இ.இ.இ. பாணி சதுர அடைப்புக்குள் எண் மட்டும் தரும். எல்லாவற்றையும் ஏதோ ஒரு காலத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். மாணவர்களுக்குப் பெயரும் ஆண்டும் தரும் முறையையே நான் பரிந்துரைப்பேன். அடிக்குறிப்பு முறையில், முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்ற பொருளில் 'மேலது' என்று எழுதிய பின் பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால், அந்த 'மேலது' முற்றிலும் வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். இந்தப் பிழையை நான் திருத்திய கட்டுரைகளில் பலமுறை கண்டிருக்கிறேன். பெயரும் ஆண்டும் வாக்கியத்தோடு ஒட்டியிருந்தால், வாக்கியம் எங்கே போனாலும் அவை கூடவே போகும்.

அந்தப் பழைய கட்டுரையை மீண்டும் எழுத எனக்கு இரண்டு வாரம் கிடைத்தது. அதில், "கற்றதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே நாளில் மறந்துவிடுகிறோம் என்று எபிங்காஸ் நிறுவினார்" என்றொரு வாக்கியம் இருந்தது. அதன் முடிவில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்தேன். உள்ளே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஜெர்மன் உளவியலாளரான எபிங்காஸை நான் படித்திருக்கவில்லை. ஒரு பாடநூல் அவரைப் பற்றிச் சொன்னதைத்தான் படித்திருந்தேன். 1885இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவருடைய நூலின் 1913ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்தேன். அவர் சோதித்தது தம்மை மட்டுமே. மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளின் வரிசைகளை. ஒரு நாள் கழித்துக் கிடைத்த 33.7 விழுக்காடு என்பது நினைவில் எஞ்சியிருந்த அசைகளின் அளவு அன்று; அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்யும்போது, முதல் தடவையைவிடக் குறைந்த உழைப்பின் அளவு. அப்படியானால் 'மூன்றில் இரண்டு பங்கை மறக்கிறோம்' என்ற என் வாக்கியம், அவர் அளக்காத ஒன்றை அவர் தலையில் ஏற்றியிருந்தது. வாக்கியத்தை மாற்றி, (எபிங்காஸ், 1885/1913) என்று இட்டேன். மூல ஆண்டும் நான் கையாண்ட பதிப்பின் ஆண்டும் சாய்கோட்டின் இருபுறமும் நிற்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். முர்ரே, ட்ரோஸ் ஆகிய இருவர் இதே சோதனையை மீண்டும் நடத்தி 2015இல் வெளியிட்ட கட்டுரையில், நேரம் செல்லச் செல்ல நினைவு குறைவதைக் காட்டும் மறதிக் கோடு ஏறத்தாழ அதே வடிவில் கிடைத்தது. அதைப் படித்தபோது, ஒழுங்காகச் சான்று காட்டிய ஒரு தகவலைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் பின்தொடர முடிகிறது என்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

மூல நூல் கிடைக்காதபோது, 'இன்னார், இன்னாருடைய நூலில் எடுத்தாளப்பட்டபடி' என்று எழுதுவதே முறை. படிக்காத நூலைப் படித்ததுபோல் காட்டுவதும் ஒரு வகையில் பிறர் உழைப்பைத் தனதாக்குவதுதான். இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது சிலர் வியப்படைகிறார்கள்.

அடைப்புக்குறி இட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கைதான் இந்த முறையைப் பயன்படுத்துவோரிடம் நான் காணும் பெரிய ஆபத்து. ஒரு பாடநூல், "பொருளற்ற அசைகளைத் தேர்ந்தெடுத்ததன் மூலம், முன்னறிவு நினைவில் தலையிடுவதை எபிங்காஸ் தவிர்த்தார்" என்று சொல்வதாகக் கொள்வோம். மாணவர் அதை, "அர்த்தமற்ற அசைகளைத் தெரிவு செய்ததன் வாயிலாக, முன்னறிவு ஞாபகத்தில் குறுக்கிடுவதை எபிங்காஸ் தவிர்த்தார்" என்று எழுதி, பாடநூலின் பெயரையும் அடைப்புக்குள் இடுகிறார். சான்று இருக்கிறது; ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு முழுவதும் மற்றவருடையது. இப்படிச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைப்பதை அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் 1990களில் ஒட்டுப்போட்ட எழுத்து என்ற பொருளில் குறிப்பிட்டார்; பாடத்தை இன்னும் முழுதாக உள்வாங்காத மாணவர் கற்கும் வழியில் கடக்கும் ஒரு கட்டமாக அதை அவர் பார்த்தார். என் அனுபவமும் அதையே சொல்கிறது. அந்த மாணவரிடம் நூலை மூடிவைத்துவிட்டு வாயால் சொல்லச் சொன்னால், "ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருந்தால் சீக்கிரம் மனத்தில் நின்றுவிடும், அதனால்தான் யாருக்கும் தெரியாத அசைகளை எடுத்துக்கொண்டார்" என்கிறார். அதுதான் அவருடைய வாக்கியம். அதை எழுதி, அதன்பின் அடைப்புக்குறி இட்டால் இரண்டும் சரியாகிவிடும். வாக்கியத்தை அப்படியே எடுத்தால் இரட்டை மேற்கோள்குறியும் பக்க எண்ணும் கட்டாயம். சொந்த நடையில் சொன்னதற்கு ஏ.பி.ஏ. பாணி பக்க எண்ணை வற்புறுத்துவதில்லை என்றாலும் நான் இடுகிறேன், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து அந்த இடத்தைத் தேடப்போவது நானேதான்.

அடைப்புக்குறியை எங்கே வைப்பது என்பதும் எளிதாகக் கைவருவதில்லை. எட்டு வாக்கியப் பத்தியின் கடைசியில் மட்டும் ஒரு பெயர் நின்றால், கடைசி வாக்கியம் மட்டும் அவருடையதா, எட்டுமா என்று படிப்பவர் தடுமாறுவார். அதனால் பிறர் கருத்து தொடங்கும் இடத்தில் 'இன்னார் கூறுவதுபோல்' என்று பெயரை வாக்கியத்திலேயே சேர்த்து, அது முடியும் இடத்தில் பக்க எண்ணை இட்டு, அடுத்த வாக்கியத்தை 'எனினும், என் பார்வையில்' என்பது போன்ற ஒரு தொடரால் தொடங்குகிறேன். அந்த எல்லைக்கோடு தெரியத் தொடங்கிய பிறகுதான், என் கட்டுரைகளில் என் பங்கு எவ்வளவு குறைவு என்பதையும் நான் கண்டேன்.

மென்பொருள்களைப் பற்றிச் சில சொற்கள். 2006இல் வெளிவந்த சோட்டேரோ போன்ற இலவசக் கருவிகள் அடைப்புக்குறியையும் பட்டியலையும் தாமே அமைத்துத் தரும். ஆனால் அவை கிடைத்த தரவைத்தான் அச்சிடும். ஒரு தரவுத்தளத்திலிருந்து நான் இறக்கிய பதிவில் ஆசிரியரின் முதற்பெயரும் குடும்பப்பெயரும் இடம் மாறியிருந்ததைக் கவனிக்காமல், ஓராண்டு முழுவதும் அவரைத் தவறான பெயரிலேயே சுட்டியிருந்தேன். டர்னிட்டின் போன்ற ஒப்புமை ஆய்வுக் கருவிகள் தரும் விழுக்காடு, திருட்டின் அளவன்று. அது பிற உரைகளோடு ஒத்துப்போகும் சொற்களின் அளவு. முறையாக மேற்கோள்குறி இட்ட பகுதியும் அதில் சேரக்கூடும். வேறொரு மொழியில் படித்ததைத் தமிழாக்கித் தன் கருத்தாக எழுதியது சேராமல் போகக்கூடும். ஐந்து விழுக்காடு வந்ததைக் காட்டி நிம்மதி அடையும் மாணவரிடம் நான் அறிக்கையைக் கேட்பதில்லை, அவருடைய குறிப்பேட்டைக் கேட்கிறேன். அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இல்லாத நூல்களுக்குப் பெயரும் ஆண்டும் புனைந்து தருவதால், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் நூலக அட்டவணையில் தேடிப் பார்க்காமல் நான் எதையும் ஏற்பதில்லை.

குறைகளும் உண்டு. நான்கைந்து பெயர்கள் வரிசையாக நிற்கும் அடைப்புக்குறி வாசிப்பின் ஓட்டத்தைத் தடுக்கிறது. நீர் கடல்மட்டத்தில் நூறு டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதற்குச் சான்று வேண்டியதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனால் பொது அறிவு எங்கே முடிகிறது என்பது துறைக்குத் துறை மாறுகிறது. ஐயம் வந்தால் நான் சான்று இட்டுவிடுகிறேன்.

பேச்சில் கேட்ட கருத்தை என்ன செய்வது என்பதை நான் மிகவும் தாமதமாகக் கற்றேன். ஏ.பி.ஏ. பாணியில் இதற்குத் 'தனிப்பட்ட தொடர்பு' என்றொரு வகை உண்டு. பேசியவரின் பெயரும் நாளும் உரைக்குள் மட்டும் வரும், படிப்பவர் தேடி எடுக்க முடியாதது என்பதால் பட்டியலில் சேராது. சென்ற ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையின் மையக் கேள்வி, ஒரு தோழி நடந்துகொண்டே கேட்டது. அவருடைய இசைவைப் பெற்று, அந்த வாக்கியத்தின் முடிவில் அவர் பெயரையும் அந்த மாலையின் தேதியையும் இட்டேன்.