திரையில் தெரியாத விழித்திரை: ஒரு கரு மருத்துவ மையத்தில் என் அனுபவம்

கர்ப்பத்தின் 11-ஆவது வாரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள்கள் இரண்டும் பாசிட்டிவ் என்று வந்தபோது, ஆய்வகத்தில் ஒரு சொல் விளக்கமும் தராமல் அறிக்கையை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்தத் தொற்று கருவை எட்டினால் குழந்தையின் விழித்திரையில் அழற்சி உண்டாகிப் பார்வை பாதிக்கப்படலாம் என்று நானாகப் படித்துத் தெரிந்துகொண்டு, ஒரு வாரம் தூக்கமின்றித் தவித்தேன். அதன் பிறகு சென்ற கரு மருத்துவ மையத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஐஜிஎம் சிலருக்குப் பல மாதங்கள் ரத்தத்தில் நீடிக்கும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தொற்று புதியது என்று முடிவு கட்டக் கூடாது என்று அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கி, ஐஜிஜி ஒட்டுண்ணியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று அளக்கும் அவிடிட்டி பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அது உயர்வாக இருந்திருந்தால் கருவுறும் முன்பே வந்த தொற்று என்று நிம்மதி அடைந்திருக்கலாம். எனக்குக் குறைவாக வந்ததால், தொற்று கருவுக்குப் பரவாமலிருக்க ஸ்பைராமைசின் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். 18 வாரம் நிறைந்த பின்பே முடிவை நம்பலாம் என்று காத்திருந்து, 19-ஆவது வாரத்தில் பனிக்குட நீரை எடுத்து, அதில் ஒட்டுண்ணியின் மரபணு உள்ளதா என்று பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனை செய்தார்கள். ஒட்டுண்ணி தென்படவில்லை.

இருந்தும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர்ந்தது. மூளையில் சுண்ணாம்புப் படிவு உண்டா, நீரறைகள் விரிந்துள்ளனவா என்று பார்த்த பிறகு, மருத்துவர் குழந்தையின் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினார்: மெல்லிய வெள்ளை விளிம்புக்குள் ஒரு கறுப்பு வட்டம். "இதுதாம்மா லென்ஸ். உள்ளே வெளுத்திருந்தால் கண்புரையோ என்று சந்தேகப்படுவோம். ஆனால் விழித்திரையில் இருக்கும் சிறு தழும்பு இதில் தெரியாது, குழந்தை பிறந்ததும் கண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்" என்றார். கருவியால் எது முடியாது என்பதை அவர் ஒளிக்காமல் சொன்னதற்காகவே இந்த மையத்தை மதிக்கிறேன்.

ஆனால் அச்சிட்டுத் தந்த அறிக்கையில் அந்தத் தெளிவு இல்லை. "கண்கள் இயல்பு" என்ற இரண்டே சொற்கள்தான் இருந்தன. பிரசவம் நடந்த இடத்தில் அதைப் படித்தவர்கள், தனியாகக் கண் பரிசோதனை எதற்கு என்று கேட்டார்கள்; மருத்துவர் வாய்மொழியாகச் சொன்னது நினைவில் இருந்ததால்தான் விடாப்பிடியாக நின்று கேட்டு, இரண்டாவது வாரத்தில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வைத்தேன். விழித்திரையில் தழும்பு எதுவும் இல்லை. கருவிலேயே தொற்றியிருந்தால் சில ஆண்டுகள் கழித்தும் தழும்பு தோன்றலாம் என்பதால், ரத்தப் பரிசோதனைகள் முடிந்து தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டி வருகிறேன்.

இங்கே செல்பவர்கள், "விழித்திரை மதிப்பிடப்படவில்லை, பிறந்த பின் பரிசோதிக்கவும்" என்ற வரியை அறிக்கையிலேயே எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.