அனுப்பினோம் சரி, கேட்டார்களா? பாட்டும் புத்தகமும் பகிரும் வழிகள்: ஓர் ஒப்பீடு

நூறு பாடல் கொண்ட பட்டியலை நண்பருக்கு அனுப்ப ஒரு நொடி போதும். பாட்டுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால், அதைக் கேட்டு முடிக்க அவருக்கு ஏழரை மணி நேரம் வேண்டும். பகிர்வு பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். அனுப்புகிறவருக்குச் சுலபமானது, வாங்குகிறவருக்குச் சுமையாகிவிடுகிறது. அதனால், கோடை விடுமுறையில் பாட்டும் புத்தகமும் பரிமாறிக்கொள்ள இருக்கும் வழிகளை "கேட்டாரா, படித்தாரா" என்ற ஒரே கேள்வியை வைத்து எடைபோடுவோம்.

பாட்டு: இணைப்பு, கோப்பு, வெறும் எழுத்து

ஸ்ட்ரீமிங் செயலியில் பட்டியல் போட்டு இணைப்பை அனுப்புவது இன்றைய வழக்கம். இருவரும் ஒரே செயலியில் இருந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை: ஒலித்தரம் குறையாது, போனில் இடம் பிடிக்காது, பின்னால் ஒரு பாட்டைச் சேர்த்தாலும் அவருக்கும் தெரியும். நண்பர் வேறு செயலியில் இருந்தால்தான் சிக்கல். பட்டியலை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித்தரும் சேவைகள் உண்டு. ஆனால் தமிழ்ப் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள் அல்லவா? "ழ"வை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி. பொருத்தம் தவறி, மூலப் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் கரோக்கியோ வேறொருவர் பாடியதோ வந்து உட்கார்ந்துவிடும். மாற்றியபின் ஒவ்வொரு பாட்டையும் பத்து நொடியாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். உரிம எல்லை காரணமாக ஒரு நாட்டில் கிடைக்கும் பாட்டு வேறு நாட்டில் சாம்பல் நிறத்தில் முடங்கிக் கிடப்பதும் உண்டு. நண்பர் வெளிநாட்டில் இருந்தால் இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

யூடியூப் பட்டியலுக்குப் பெரிய வசதி, கேட்பவரிடம் கணக்கே இல்லாவிட்டாலும் ஓடும். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: பட்டியலைத் "தனிப்பட்டது" நிலையிலேயே விட்டுவிட்டு இணைப்பை அனுப்புவது. உங்கள் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், அவருக்கு ஒன்றும் திறக்காது. "பட்டியலிடப்படாதது" என்று மாற்றினால் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். அனுப்பும் முன் கணக்கிலிருந்து வெளியேறியோ மறைநிலைச் சாளரத்திலோ திறந்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இதைவிட வருத்தமான குறை இன்னொன்று. காணொளியைப் போட்டவர் நீக்கிவிட்டால், பட்டியலில் பாட்டின் பெயரும் சேர்ந்து மறைந்துவிடும். மூன்று வருடம் கழித்து, எந்தப் பாட்டை வைத்திருந்தோம் என்று நமக்கே தெரியாது.

கோப்பாக அனுப்புவது பழைய முறை. இணையம் இல்லாத பயணத்துக்கு இன்றும் கைகொடுக்கும். 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட் தகவல்) எம்பி3 என்றால் நாலரை நிமிடப் பாட்டு ஏறக்குறைய 11 எம்பி வரும், 12 பாட்டுக்கு 130 எம்பி. 128 கேபிபிஎஸ் கோப்பை 320க்கு மாற்றினால் தரம் கூடாது, அளவுதான் பெருக்கும். போன தகவல் திரும்ப வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது "ஆவணம்" வழியாக அனுப்புங்கள், கோப்பு மாறாமல் அதன் பெயரோடு போகும். ஸ்பீக்கரில் பாடவிட்டுக் குரல்செய்தியாகப் பதிவு செய்து அனுப்புவது மட்டும் வேண்டாம். அந்தச் சுருக்கம் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. வீணையும் தபேலாவும் அதில் தகரச் சத்தமாகிவிடும்.

கோப்பில் இன்னொரு நுணுக்கம், தமிழில் பெயர் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. எம்பி3க்குள் பாட்டின் பெயரை வைக்கும் ஐடி3 குறிச்சொல்லின் முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும், ஒற்றுப்புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் கணக்கு. "மழைக்காலம்" என்று எழுதினாலே பத்துக் குறியீடு, 30 பைட் தீர்ந்துவிட்டது. அதனால்தான் பழைய கார் பிளேயர்களில் பெயர் பாதியில் அறுந்து தெரிகிறது. குறிச்சொல் திருத்தும் மென்பொருளில் ஐடி3வி2.3, யூடிஎஃப்-16 என்று தேர்ந்து சேமித்தால் புதிய கருவிகளில் முழுப் பெயரும் வரும். கோப்பின் பெயரை மட்டும் 01, 02 என்று தொடங்கிவிடுங்கள். பெரும்பாலான கருவிகளில் வரிசை குலையாது. விலைக்கு வாங்கிய பாட்டை ஊருக்கெல்லாம் அனுப்புவது உரிமை மீறல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொந்தமாகப் பாடியது, இலவச உரிமத்தில் வந்தது ஆகியவற்றுக்கே கோப்பு முறை முழுமையாகப் பொருந்தும்.

மூன்றாவது வழியை யாரும் பெரிதாக மதிப்பதில்லை: வெறும் எழுத்துப் பட்டியல். பாட்டு, படம் அல்லது தொகுப்பு, பாடியவர், இசை, ஆண்டு, கூடவே ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு வரி. "இரண்டாவது சரணம் முடிந்ததும் வரும் புல்லாங்குழலைக் கவனி" என்று எழுதினால் அவர் அந்த இடம் வரை காத்திருந்து கேட்பார். "சூப்பர் பாட்டு" என்று எழுதினால் காத்திருக்கக் காரணமே இல்லை. எழுத்து எந்தச் செயலியிலும் திறக்கும், எந்த நிறுவனமும் அதை நீக்க முடியாது. தனியாக இது பலவீனம்தான், பாட்டைத் தேடும் வேலை நண்பர் தலையில் விழுகிறது. இணைப்போடு சேர்த்து அனுப்பினால் இரண்டின் குறையும் தீரும். நான் பரிந்துரைப்பது இதையே.

எண்ணிக்கை? பிலிப்ஸ் 1963இல் கொண்டுவந்த கேசட்டே நல்ல அளவுகோல். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், அதாவது ஆறு பாட்டு. பன்னிரண்டுக்கு மேல் போனால் எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனைதான் பட்டியலுக்கு உயிர். எல்லாரும் சேர்க்கும் கூட்டுப் பட்டியலிலும் ஆளுக்கு மூன்று என்று வரம்பு வையுங்கள். ஐந்து பேருக்குப் பதினைந்து. வரம்பில்லாத கூட்டுப் பட்டியல் இரண்டே வாரத்தில் ஒருவர் பட்டியலாகிவிடும், மற்றவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள்.

தொலைவில் இருந்தபடி ஒரே நேரத்தில் கேட்க ஆசைப்பட்டால், அழைப்பில் ஸ்பீக்கரை மைக்கிடம் காட்டாதீர்கள். இரைச்சலை நீக்கும் வசதி இசையையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டும். திரைப்பகிர்வில் "கணினி ஒலியையும் பகிர்" என்பதைத் தேர்ந்தால் ஓரளவு சரியாக வரும்.

புத்தகம்: பிடிஎஃபா, கைமாற்றா, கூட்டு வாசிப்பா

ஸ்கேன் செய்த பிடிஎஃபை முதலில் ஒதுக்கிவிடலாம். எழுத்தாளருக்குச் சேர வேண்டியது சேராமல் போவது ஒரு பக்கம். படிக்கவும் முடியாது என்பது மறுபக்கம். 21 செ.மீ. அகல ஏ4 பக்கம் 7 செ.மீ. போன் திரையில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிவிடும். விரலால் பெரிதாக்கி இடம்வலம் நகர்த்திக்கொண்டே நாவலை யார் முடிப்பார்கள்? உரிமை தீர்ந்த நூல்கள் ஈபப் என்ற மின்னூல் வடிவில் கிடைத்தால் அதை அனுப்பலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற இணைய நூல் தொகுப்புகளில் பழந்தமிழ் நூல்கள் சட்டப்படியே இலவசம். ஈபபில் எழுத்து திரைக்கேற்ப மடங்கும், அளவைக் கூட்டலாம்.

ஒலிப்புத்தகம் நடைக்கும் பயணத்துக்கும் நல்லது. பகிரும்போது நிமிடக் கணக்கைச் சொல்லாமல் அத்தியாய எண்ணைச் சொன்னால் போதும்.

அச்சுப் புத்தகத்தைச் சுற்றில் விடுவதுதான் கோடைக்குச் சரியான முறை. நான்கு நண்பர்கள், ஆளுக்கொரு புத்தகம். குறித்த நாளில் எல்லாரும் தன் புத்தகத்தை அடுத்தவரிடம் தர வேண்டும், பதினான்கு நாளுக்கு ஒருமுறை கைமாற வேண்டும். மூன்று சுற்று, 42 நாள், அவரவர் புத்தகம் அவரவரிடம் திரும்பிவிடும். நாளுக்கு 20 பக்கம் என்றால் 14 நாளில் 280 பக்கம். அதற்கு மேல் தடித்த நூலைச் சுற்றில் விடாதீர்கள். இது உடைவது ஒரே இடத்தில்: ஒருவர் தாமதித்தால் அவரிடமிருந்து வாங்க வேண்டியவர் கை வெறுமையாகும், தாமதித்தவர் மேசையில் இரண்டு புத்தகம் குவியும். படித்து முடிக்காவிட்டாலும் தேதி வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். மீதியைச் சுற்று முடிந்தபின் வாங்கிப் படிக்கலாம்.

எல்லாரும் ஒரே நூலைச் சேர்ந்து படிப்பது பேச்சுக்குச் சுவை கூட்டும். ஆனால் ஆளுக்கொரு பிரதி வேண்டும், வேகம் ஒத்துவர வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறுவதால் "120ஆம் பக்கம் வரை" என்று சொன்னால் குழப்பம்தான். இங்கும் அத்தியாய எண்ணே துணை. இரண்டு மூன்று பேருக்கு மேல் இது நீடிப்பது கடினம்.

கைமாறும் புத்தகத்துக்கு வெயில் ஒரு எதிரி. ஒட்டுக்கட்டு நூல்களின் முதுகில் இருப்பது பெரும்பாலும் சூட்டில் உருக்கி ஊற்றிய பசை. பூட்டிய காருக்குள் வெயிலில் கிடந்தால் அது இளகி, நடுப்பக்கங்கள் கழன்று வரும். புதுப் புத்தகத்தை ஒரேயடியாக விரித்து அமுக்காமல், முன்னிருந்தும் பின்னிருந்தும் சில பக்கங்களாக மெல்லத் திறந்து பழக்கினால் முதுகு வெடிக்காது. ஒட்டும் சீட்டுகள் பழைய தாளில் பசையை விட்டுப்போகும். அடையாளத்துக்குச் சாதாரணத் தாள் துண்டு போதும்.

அட்டையின் உட்பக்கம் ஒரு தாளைச் செருகிவையுங்கள். அதில் ஒவ்வொருவரும் பெயர், கைக்கு வந்த தேதி, நின்று படித்த ஒரு வரியின் பக்க எண், அந்தப் புத்தகத்தோடு கேட்கத் தோன்றிய ஒரு பாட்டு என நான்கையும் பென்சிலில் எழுதட்டும். நாற்பத்திரண்டாம் நாள் புத்தகம் உரியவரிடம் வரும்போது, மூன்று பேர் தேர்ந்த மூன்று பாட்டும் கூடவே வரும்.