பிளக் மீட்டர்: கரண்ட் பில்லைப் பிரித்துக் காட்டும் கருவி எப்படி இருக்கிறது?

மளிகைச் சீட்டில் வரிவரியாகக் கணக்கு இருக்கும். கரண்ட் பில்லில் மொத்தம் மட்டும்தான். அதனால்தான் பில் எகிறும் மாதத்தில் வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்: லைட்டை அணைக்கவில்லை, சார்ஜரைப் பிடுங்கவில்லை என்று. உண்மையான காரணம் மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபிரிட்ஜாக இருக்கலாம். எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று தனித்தனியாகக் காட்டுவதுதான் பிளக் மீட்டரின் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. அளக்கும் விதம் பிசகினால் மட்டும் தவறான பொருளைக் குற்றவாளியாக்கிவிடும்.

கருவி எளிமையானது. சுவர் சாக்கெட்டில் மீட்டரைச் செருகி, மீட்டரில் பொருளின் பிளக்கைச் செருக வேண்டும். பட்டனை அழுத்த அழுத்த வோல்ட், ஆம்ப், வாட், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கி வரும் எண்ணில் எத்தனை பங்கு வாட் என்ற விகிதம்), ஓடிய நேரம், யூனிட் என்று திரை மாறும். வாங்கியவர்களில் பலர் வாட் எண்ணைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வாட் என்பது அந்த நொடியின் வேகம். பில் வருவது யூனிட்டுக்கு, அதாவது கிலோவாட் மணிக்கு. 2000 வாட் கெட்டில் பயமுறுத்தும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து மூன்று நான்கு நிமிடத்தில் அணைந்துவிடும், செலவு சுமார் 0.1 யூனிட். வெறும் 10 வாட் இழுக்கும் இன்டர்நெட் ரவுட்டர் நாள் முழுக்க ஓடி 0.24 யூனிட் எடுத்துக்கொள்கிறது. இரண்டு முறை தண்ணீர் கொதிக்க வைப்பதைவிட அது அதிகம். மனதில் வைக்க வேண்டிய எண் ஒன்று: ஓயாமல் ஓடும் ஒவ்வொரு வாட்டும் வருடத்துக்கு 8.76 யூனிட்.

இந்தக் கணக்கோடு டிவி மேஜைக்குப் போங்கள். புது டிவி ஸ்டாண்ட்-பையில், அதாவது ரிமோட்டில் அணைத்த நிலையில், பெரும்பாலும் அரை வாட்டுக்கும் கீழேதான் இழுக்கும். அதைப் பிடுங்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. போன் சார்ஜரும் அப்படியே. பக்கத்தில் இருக்கும் செட்-டாப் பாக்ஸை அளந்து பாருங்கள். பழைய மாடல்களில் படம் ஓடும்போது 14 வாட், ரிமோட்டில் அணைத்த பிறகும் 12 வாட் என்று காட்டினால் திகைக்க வேண்டாம். திரையின் விளக்கு நிறம் மாறியதே தவிர உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 12 வாட் என்றால் வருடத்துக்கு 105 யூனிட். அதற்கு மட்டும் ஒரு சுவிட்ச் வைத்த பலகை போட்டால் போதும். பழைய ஆம்ப்ளிஃபையர், உடனே எழும்படி வைத்திருக்கும் கேம் கன்சோல் இரண்டையும் இதே வரிசையில் அளக்க வேண்டும்.

மீட்டரின் விலையை மீட்டுத் தருவது பெரும்பாலும் ஃபிரிட்ஜ்தான். தவறாக அளக்கப்படுவதும் அதுதான். ஒரு மணி நேரம் அளந்து 24-ஆல் பெருக்குவது பயன்படாது. கம்ப்ரெசர் விட்டுவிட்டு ஓடும். தானாகப் பனி உருக்கும் மாடல்களில் உள்ளே இருக்கும் ஹீட்டர் அவ்வப்போது எழுந்து சில நூறு வாட் இழுத்துவிட்டு அடங்கும். அந்த ஒரு மணி நேரத்தில் ஹீட்டர் சிக்கினால் கணக்கு வீங்கும், சிக்காவிட்டால் இளைக்கும். குறைந்தது 72 மணி நேரம் விடுங்கள். பிறகு யூனிட்டை மீட்டர் காட்டும் மொத்த மணி நேரத்தால் வகுத்து 24-ஆல் பெருக்குங்கள். அந்த மூன்று நாளும் வழக்கம்போலவே திறந்து மூட வேண்டும். அளக்கிறோம் என்று யாரும் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

எண் அதிகமாகத் தெரிந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். கதவு ரப்பரில் ஒரு தாள் துண்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீழ்மூலைகளில், சோதியுங்கள். ரப்பரை மட்டும் தனியாக மாற்றலாம். பின்னால் கம்பிவலை வெளியே தெரியும் மாடல் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைத் துடையுங்கள். சுவரோடு ஒட்டி நின்றால் கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு இழுத்து வையுங்கள். உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 போதும். இவ்வளவும் செய்து, மறுபடி 72 மணி நேரம் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒரே வெயிலில் நடக்க வேண்டும். அறை சூடானால் ஃபிரிட்ஜின் செலவும் ஏறும். மழை நாளில் எடுத்த எண்ணை வெயில் நாள் எண்ணோடு ஒப்பிட்டு ரப்பர் மாற்றியதன் பலன் என்று நினைத்துவிடக் கூடாது.

மலிவு மீட்டர்கள் தடுமாறும் இடம் சின்ன வாட். நூறு வாட்டுக்கு மேல் சொல்வதை நம்பலாம். இரண்டு மூன்று வாட்டுக்குக் கீழே சில மீட்டர்கள் பூஜ்ஜியம் காட்டும், சில இரட்டிப்பாகக் காட்டும். இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. ஒரே அளவில் ஆடாமல் எரியும் சின்ன எல்இடி பல்பு ஒன்றைப் பலகையில் சேர்த்து முதலில் அதை மட்டும் அளந்து, பிறகு சந்தேகப் பொருளையும் சேர்த்து அளந்து, கழித்துப் பாருங்கள். முழுத் துல்லியம் வராது. இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மீட்டரால் கிடைக்கும் இன்னொரு பெரிய நன்மை, ஏமாறாமல் தப்பிப்பது. "செருகினால் பில் பாதியாகும்" என்று விற்கும் பவர் சேவர் பெட்டியைச் சோதிக்க, மீட்டருக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு அதில் ஒரு மேஜை ஃபேனை ஓட விடுங்கள். 50 வாட், 0.30 ஆம்ப் என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். அதே பலகையில் பெட்டியையும் செருகுங்கள். ஆம்ப் 0.24-க்கு இறங்கும். விற்பவர் காட்டுவது இந்த எண்ணைத்தான். இப்போது பட்டனை அழுத்தி வாட்டைப் பாருங்கள்: அதே 50. பெட்டியில் எரியும் சின்ன விளக்குக்கும் சேர்த்துச் சற்றே கூடியும் இருக்கலாம். உள்ளே இருப்பது ஒரு கெபாசிட்டர். அது பவர் ஃபேக்டரை உயர்த்துகிறது, வாட்டைக் குறைப்பதில்லை. வீட்டு பில் பொதுவாக வாட்டிலிருந்து வரும் யூனிட்டுக்குத்தான் போடப்படுகிறது. பில்லைக் குறைக்க ஆசைப்பட்டவர்களின் காசையே பறிக்கும் பொருள் இது. கையில் மீட்டர் இருக்கும் வீட்டில் அது விலைபோகாது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மீட்டரின் முதுகில் அதிகபட்ச ஆம்ப் அச்சிட்டிருக்கும். 10, 13, 16 என்று மாறும். ரூம் ஹீட்டர் போன்ற கனமான பொருளை அதன் விளிம்பில் மணிக்கணக்கில் ஓட்டினால் தொடர்பு முனைகள் சூடேறும். பத்து நிமிடம் கழித்து மீட்டரின் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை, பிளக் லூசாக ஆடுவது, இவற்றில் எது இருந்தாலும் சுவிட்சை அணைத்து நிறுத்திவிடுங்கள். நீட்டிப்புப் பலகைக்கு மேல் பலகை போட்டு அளக்கவே கூடாது.

நேரடியாக ஒயரிங் செய்த ஏசி, வாட்டர் ஹீட்டர், மோட்டார், சீலிங் ஃபேன் ஆகியவற்றிடம் பிளக் மீட்டர் தோற்றுப்போகும். அதற்கு வீட்டின் மெயின் மீட்டரே போதும், காசு செலவில்லை. டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். மற்றதை எல்லாம் அணைத்து, ஒரு பொருளை மட்டும் ஓடவிட்டு, இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை நொடி என்று பாருங்கள். 36,00,000-ஐ சிமிட்டல் எண்ணாலும் நொடியாலும் வகுத்தால் வாட் வரும். 3200 சிமிட்டல் மீட்டரில் 15 நொடி இடைவெளி என்றால் 75 வாட். வேகமாகச் சிமிட்டினால் பத்துச் சிமிட்டலின் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுக்கலாம். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் சிமிட்டல் நிற்காவிட்டால், மறந்துபோன ஏதோ ஒன்று ஓடுகிறது அல்லது கசிவு இருக்கிறது. எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய அறிகுறி அது.

செலவைக் காசாகக் காட்ட மீட்டரில் யூனிட் விலையைப் போடும்போது ஒரு தவறு சகஜம். யூனிட் கூடக் கூட விலையும் கூடும் படிக்கட்டுக் கட்டணம் உள்ள இடங்களில், சராசரி விலையை மீட்டரில் போடுகிறார்கள். மிச்சமாகும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்துதான் கழியும். ஆகவே உங்கள் பில் தொடும் கடைசிப் படியின் விலையையே போடுங்கள். அப்போதுதான் சேமிப்பு உண்மை அளவில் தெரியும்.

புதுப் பொருளைத் தவணையில் வாங்க நினைக்கும் வீட்டுக்கு இந்தக் கருவி மிகவும் தேவை. பழைய ஃபிரிட்ஜ் நாளுக்கு 2 யூனிட், புதியது 0.8 என்றால் வருடத்துக்கு 438 யூனிட் மிச்சம், மாதத்துக்கு 36.5. உங்கள் மேல்படி விலையால் அதைப் பெருக்கி, மாதத் தவணைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். தவணைதான் பெரிது என்றால், அது முடியும் வரை மாதாமாதம் கையிலிருந்துதான் போகும். வட்டியையும் விசாரியுங்கள். ஒரு வருடத் தவணைக்கு "ஃபிளாட் 12 சதவீதம்" என்றால், அசல் குறைந்துகொண்டே வந்தும் முழு அசலுக்கே வட்டி போடுகிறார்கள் என்று அர்த்தம். குறையும் அசல் முறையில் அது ஏறக்குறைய 21.5 சதவீதம். கிரெடிட் கார்டில் மாதம் 3 சதவீத வட்டியில் பாக்கி நிற்கிறது என்றால் கூட்டுவட்டியில் அது வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். அந்த நிலையில் ரப்பரை மாற்றிப் பழையதையே ஓட்டுங்கள். கரண்ட் பில்லில் மிச்சமான தொகையை, கார்டுக்குக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையோடு சேர்த்துக் கட்டுங்கள். கார்டு பாக்கி தீர்ந்த பிறகு ஃபிரிட்ஜுக்குக் காசு சேர்க்கலாம்.

வாங்குவதானால் மூன்று விஷயம் பாருங்கள். கரண்ட் போய் வந்தாலும் எண்ணிக்கை அழியாத நினைவகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் ஒரு நொடி மின்தடை முழு அளவையும் வீணாக்கும். இருட்டு மூலையில் படிக்கத் திரைக்கு வெளிச்சம் வேண்டும். உங்கள் நாட்டின் தரமுத்திரை இருக்க வேண்டும். வைஃபை பிளக்கிலும் இந்த அளவு வருகிறது. அது ஓடுவதற்கே ஒரு வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும் என்பதால் நிரந்தரமாக எல்லாச் சாக்கெட்டிலும் மாட்டுவதில் லாபமில்லை.

ஒரு வீட்டை முழுக்க அளக்க மூன்று வாரம் போதும், பிறகு மீட்டருக்கு அங்கே வேலை குறைவு. அதனால் நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்குவதே நல்லது; சில நாடுகளில் நூலகங்களே இரவல் தருகின்றன. அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் முன் ரீசெட் துளையில் ஊசியால் அழுத்திப் பழைய எண்களை அழித்துவிடுங்கள். யூனிட் விலையை அவர்கள் பில்லைப் பார்த்துப் புதிதாகப் போட வேண்டும்.